சுத்தம் என்று குறித்த வீடுகள்

அக்கா,

இன்று காலை நாம் குப்பை பிரிக்கிற ஷெட்டில் ஒரு சாக்கின் வாயை அவிழ்த்தேன். பால் கவர் வாடை. ஒரு மாதம் கட்டிவைத்த பால் கவருக்கென்று ஒரு வாடை உண்டு, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புளித்ததும் இல்லை, அழுகியதும் இல்லை, இரண்டுக்கும் நடுவே நின்று மூக்கைப் பிடித்து உலுக்குகிற ஒன்று. முன்பெல்லாம் அந்த வாடை வந்ததும் நான் இடப்பக்கம் திரும்பி, "அக்கா, பெரிய வீட்டுக்காரங்க பாயசம் கொடுத்து விட்டிருக்காங்க" என்பேன். நீங்கள் சிரிக்காமல், "சத்தம் போடாத பிள்ளே, பங்கு கேட்டு ஆளு வந்துரும்" என்பீர்கள். இன்றும் திரும்பிவிட்டேன். சொல்ல வந்தது வாயிலேயே நின்றுவிட்டது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

உங்களுக்குத் தமிழ் பேசத்தான் வரும், வாசிக்க வராது. சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் பிறந்து வளர்ந்து, மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் நீங்கள். நான் மலைமேல் போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட் பள்ளியில் பத்துவரை தமிழில் படித்தவள். சாக்கில் தமிழ்ப் பேப்பர் துண்டு ஏதாவது வந்தால், "எந்தாக்கும் போட்டிருக்கு, வாசி" என்று என் முன்னால் நீட்டுவீர்கள். பாதிச் செய்தியில் தாள் கிழிந்திருக்கும். மீதியை நீங்களே சொல்லி முடிப்பீர்கள், எல்லாச் செய்தியும் நல்லபடியாகவே முடியும். நீங்கள் இருந்திருந்தாலும் இந்தக் கடிதத்தை நான்தான் வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். இல்லாதவருக்கு எழுதுவதில் அந்த ஒரு வேலை மிச்சம்.

எஸ்டேட்டில் வேலை நின்று நான் கீழே இறங்கி வந்த வருடம், வீடு வீடாகப் போய்க் குப்பை வாங்குகிற வேலைக்கு வார்டு ஹாலில் நடந்த பயிற்சி வகுப்பில்தான் உங்களைப் பார்த்தேன். பச்சைக் கோட்டு ஒன்றைக் கொடுத்து, இரண்டு இரண்டு பேராகப் பிரித்தார்கள். இந்த வேலையில் தனியாக யாரும் போகக் கூடாது. தமிழ் பேசுகிறவர்கள் என்று நம்மை ஒன்றாகப் போட்டார்கள். ஹெல்த் இன்ஸ்பெக்டர் பலகையில் எழுதிச் சொன்னார். மக்கும் குப்பையை அவரவர் வீட்டிலேயே கிச்சன் பின் என்கிற அடுக்குத் தொட்டியில் போட்டு உரமாக்க வேண்டும். பிளாஸ்டிக்கைக் கழுவி, காயவைத்து, மாதம் ஒரு தடவை நம்மிடம் தர வேண்டும். நாம் வாசலில் ஒட்டியிருக்கும் அட்டையை போனில் ஸ்கேன் செய்து, சுத்தம் அல்லது சுத்தமில்லை என்று குறிக்க வேண்டும், அது அந்த வீட்டுக்காரர் போனுக்கும் போகும். சுத்தமில்லாததை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சட்டம் இவ்வளவுதான். கேட்கிறதற்கு எவ்வளவு லட்சணமாக இருந்தது.

அந்த வகுப்பில் எல்லோரும் தூங்கி வழிந்தார்கள், நீங்கள் மட்டும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து கேட்டீர்கள். முன்பு இந்த நகரத்துக் குப்பை மொத்தமும் லாரி லாரியாக ஒரு கிராமத்துக்குப் போய்க்கொண்டிருந்தது, அந்த ஊர்க்காரர்கள் பொறுக்க முடியாமல் வழிமறித்த பிறகுதான் இந்தப் புது ஏற்பாடெல்லாம் வந்தது என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். வெளியே வந்து டீ குடிக்கும்போது நீங்கள் கேட்டீர்கள்: "நம்ம வீட்டு நாத்தத்தை அவங்க முற்றத்துல கொண்டு கொட்டினா ஆருதான் சும்மா இருப்பா? இது நல்ல ஏற்பாடாக்கும் பிள்ளே. அவனவன் அழுக்கை அவனவன் கழுவட்டு." எனக்கு அதில் நம்பிக்கையும் இல்லை, அவநம்பிக்கையும் இல்லை. எனக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. நம்பிக்கை முழுவதும் உங்களிடம்தான் இருந்தது.

முதல் இரண்டு மாதம் நமக்குச் சிரித்தே வயிறு புண்ணாயிற்று. மூன்றடுக்குக் கிச்சன் பின்னில் கறிவேப்பிலை நட்டு வைத்திருந்த வீடு ஒன்று. "நல்லா வளருது, உரம் எங்க கிடைக்கும்?" என்று நம்மிடமே கேட்டார்கள். பழைய செருப்பு வாங்குகிற மாதத்தில் ஒருவர் ஒற்றைச் செருப்பைக் கொடுத்தார். "இன்னொண்ணு எங்க சார்?" என்று நான் கேட்டதற்கு, அது நல்லா இருக்கு என்றார். நீங்கள் அதற்கும் அட்டையை ஸ்கேன் செய்து, "நன்றி சார்" என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். வளைவு திரும்பியதும் சாக்கைக் கீழே வைத்துவிட்டு, மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

சாக்குகள்தான் சிரிப்பாக இல்லை. மீன் வாங்கிய பை, கறி வாங்கிய பை, எண்ணெய்க் கவர், பாதிச் சாம்பாரோடு ஹோட்டல் டப்பா, குழந்தை டயப்பர். கழுவுவதாவது, காயவைப்பதாவது. நான் வாய் நீண்டவள். முதல் வாரமே ஒரு வீட்டம்மாவிடம், சட்டப்படி இதை எடுக்க முடியாது என்று சாக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உங்கள் முகம் வாடிப்போயிற்று. மறுநாள் காலையில் நீங்கள் என்னை வேலைக்கு முன்னால் உங்கள் வீட்டுப் பக்கம் கூட்டிப்போனீர்கள். நீங்களும் உங்கள் மகள் சந்தியாவும் மட்டும் இருந்த அந்த வீடு தோட்டுக்கரையில். தோடு என்று இங்கே சொல்கிற அந்தக் கால்வாய், உங்கள் வாசலுக்கு நாலு வீடு தள்ளி, தெருவுக்கு அடியில் கலுங்குக்குள் நுழைகிறது. கலுங்கின் வாயில் அந்தச் சாக்கு, நான் திருப்பிக் கொடுத்த அதே நீலக் கோடு போட்ட அரிசிச் சாக்கு, குப்புறக் கிடந்தது.

"பாத்தியா," என்றீர்கள். "நீ திருப்பிக் கொடுத்தா அவ தலையில வச்சுக்கிட்டா இருப்பா? நேரே தோட்டுல. ஒரு மழை பெஞ்சா போதும், இது அடைச்சுக்கிடும். தண்ணி அவ வீட்டுக்குப் போகாது, என் வீட்டுக்குள்ளதான் வரும்."

அன்றைக்குத்தான் நீங்கள் கழுவத் தொடங்கினீர்கள். எந்த வீட்டிலும் எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை. எல்லாச் சாக்கையும் வாங்கிவந்து, ஷெட்டுக்குப் பின்னால் தோட்டுச் சுவரோரமாக இருக்கும் குழாயடியில் உட்கார்ந்து, கவர் கவராக வெட்டி, கழுவி, கொடிக்கயிற்றில் துணி உலர்த்துகிற மாதிரி கிளிப் போட்டுக் காயவைத்தீர்கள். தந்த கையுறை ஒரு வாரத்தில் கிழிந்தது. கிழியாத போதும் பால் கவர் அதில் நிற்காமல் வழுக்கியது, கழற்றிப் போட்டுவிட்டீர்கள். போனில் எல்லா வீட்டுக்கும் சுத்தம் என்று குறித்தீர்கள்.

நான் சண்டை போட்டேன். "அக்கா, அவங்க அழுக்கை அவங்க கழுவட்டும்னு சொன்னது நீங்கதானே."

"கழுவுவாங்க பிள்ளே. பழகணும்லா. ஒரு வருசம் நாம கழுவுவோம். அதுக்குள்ள அவங்களுக்கே ஒரு கூச்சம் வரும்."

"நீங்க கழுவுறது அவங்களுக்குத் தெரிஞ்சாதானே கூச்சம் வரும்?"

"சே, அதெப்படி சொல்ல? வீட்டுக்கு வந்த ஆளை வச்சு அழுக்குக் கழுவிச்சோம்னு அவங்களுக்குச் சங்கடமா இருக்கும். வேண்டாம்."

இப்போது எழுதும்போதுகூட எனக்கு எரிச்சல் வருகிறது அக்கா. கூச்சம் வர வேண்டும் என்பீர்கள், கூச்சப்படுத்தக் கூடாது என்பீர்கள். யாரோ ஒரு வீட்டுக்காரருடைய முகம் ஒரு நிமிடம் சுருங்கிவிடக் கூடாது என்று நீங்கள் ஒளித்து ஒளித்துக் கழுவினீர்கள். ஒருத்தரும் பார்க்காத இடத்தில் பாடம் நடத்தினால் யார் படிப்பார்கள்? ஆனால் அன்றைக்கு நான் அதற்கு மேல் பேசவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கழுவியதால் எனக்கு வீட்டு வாசல்களில் நின்று சண்டை போடுகிற வேலை இல்லாமல் போயிற்று. நீங்கள் கழுவினீர்கள், நான் காய்ந்ததைப் பிரித்தேன். ஒரு நாளும் அந்தக் குழாயடியில் நான் உட்காரவில்லை. எனக்கு அருவருப்பு. நீங்களும் ஒரு நாளும் வா என்று கூப்பிடவில்லை.

ஆற்றுகால் அம்மன் கோயில் பொங்கல் அன்று நம்மையும் வேலைக்குப் போட்டிருந்தார்கள். தெருத்தெருவாக அடுப்புகள், புகை, லட்சம் லட்சமாகப் பெண்கள். தட்டும் டம்ளரும் வீட்டிலிருந்தே கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள், முக்கால்வாசிப் பேர் எவர்சில்வரோடு வந்திருந்தார்கள். அந்தி சாய்வதற்குள் செங்கல்லை எல்லாம் அள்ளி, தெருவைக் கழுவிவிட்டார்கள். கிழக்கேகோட்டை முக்கில் நின்று நீங்கள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். "ஒரு நாள் முடியுதுல்லா? பின்ன எல்லா நாளும் ஏன் முடியாது?" என்றீர்கள். எனக்கு அன்றைக்கு அது நல்ல கேள்வியாகத்தான் பட்டது. கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக் அரைபட்டுத் தாரோடு சேர்ந்து ரோடாகிறது என்று யாரோ சொன்னதிலிருந்து, புதிதாகத் தார் போட்ட ரோட்டில் பஸ் போனால் குனிந்து ஜன்னல் வழியே பார்ப்பீர்கள். "நம்ம கவர்தான் கிடக்கு" என்பீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்களைப் போனக்காட்டுக்குக் கூட்டிப்போனேன். மூடிக் கிடக்கும் ஃபேக்டரி, பெயர்ந்த லைன் வீடுகள், காடாக வளர்ந்த தேயிலை. நீங்கள் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இங்க குப்பையே இல்லியே பிள்ளே" என்றீர்கள். "ஆளே இல்லக்கா" என்றேன்.

அப்புறம் அந்தப் பாராட்டு விழா. வீடுகளில் பிரித்து, கழுவித் தருவதில் நம் வார்டுதான் முன்மாதிரி என்று போனில் உள்ள கணக்கு சொன்னது. ஹாலில் பேனர் கட்டினார்கள். ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் தலைவர், பென்ஷன் வாங்குகிற ஒரு பெரிய அதிகாரி, உங்களுக்குப் பொன்னாடை போர்த்தினார். எங்கள் வார்டு மக்களின் சுத்த உணர்வுக்கு இது அங்கீகாரம் என்று பேசினார். அவர் வீட்டுச் சாக்கில் அந்த மாதம் கறியும் எலும்புமாக வந்த பையை நீங்கள் இரண்டு தண்ணீரில் கழுவியிருந்தீர்கள். நான் உங்களைப் பார்த்தேன், நீங்கள் என்னைப் பார்க்கவே இல்லை. வெளியே வந்ததும், "பாத்தியா, அவங்களுக்கு எவ்வளவு சந்தோசம். இனி தன்னாலே கழுவத் தொடங்கிருவாங்க" என்றீர்கள். ஊரே நனைந்து கிடக்கும்போது ஒற்றை ஆளாக வெயில் அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பதற்கு ஒரு மனசு வேண்டும். அது என்னிடம் இல்லை.

வைகாசி பாதியில் வருகிற இடவப்பாதி மழை தொடங்கிய வாரம் உங்கள் விரலில் பிளேடு கிழித்தது. ஷாம்பு பாக்கெட்டுகளுக்கு நடுவே யாரோ பழைய ஷேவிங் பிளேடைப் போட்டிருந்தார்கள். புடவைத் தலைப்பைக் கிழித்துக் கட்டிக்கொண்டு கழுவினீர்கள். தோட்டுத் தண்ணீர் சுவரைத் தாண்டிக் குழாயடி வரை ஏறி நின்றது. கணுக்கால் தண்ணீரில் உட்கார்ந்து கழுவினீர்கள். மழைக்காலத்துக்கென்று வாரம் ஒரு தடவை போடச் சொல்லித் தந்த மாத்திரை, வயிறு எரிகிறது என்று பர்ஸிலேயே கிடந்தது. காய்ச்சல் வந்தபோது சாதாரணக் காய்ச்சல் என்று மூன்று நாள் கடத்தினீர்கள். கண் சிவந்து மஞ்சளானபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எலிப்பனி என்றார்கள், நம் எலிக்காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் புண்ணோடு நின்றால் வருவது.

அழுக்குத் தண்ணீரில் வேலை செய்தீர்களா என்று டாக்டர் கேட்டார். நீங்கள் இல்லை என்று தலையாட்டினீர்கள். அவர் அந்தப் பக்கம் போனதும் என் கையைப் பிடித்தீர்கள். உங்கள் கை கொதித்தது.

"கழுவுன காரியம் ஆருக்கும் தெரிய வேண்டாம், கேட்டியா. எல்லா வீட்டுக்கும் பொய்யா அடிச்சு வச்சிருக்கேன். கேஸாயிரும். சந்தியாகிட்டயும் சொல்லாத, அவ அழுவா."

சரி என்றேன். வேறு என்ன சொல்வேன்?

"அந்த ரெண்டு சாக்கு கழுவாம கிடக்கு," என்றீர்கள். அதுதான் நீங்கள் என்னிடம் கடைசியாகச் சொன்னது. அவரவர் கடைசி வார்த்தையில் சாமி பெயர் வரும், பிள்ளை பெயர் வரும். உங்களுக்குச் சாக்கு வந்தது.

அந்த இரண்டு சாக்கையும் நான் கழுவவில்லை அக்கா. ஆத்திரத்தில் எடுத்துக்கொண்டுபோய், அவை வந்த வீடுகளிலேயே திருப்பிக் கொடுத்தேன். இனிமேல் ஒரு வீட்டிலும் கழுவாததை வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன். நீங்கள் செத்ததற்கு ஒரு நியாயம் இருக்கட்டும் என்று நினைத்தேன். முதல் வீடு கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருவில், நமக்கு வாசலில் மோர் தருவாரே, அந்த மாமி வீடு. மாமி சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னம்மா இது புதுசா இருக்கு? இத்தனை நாளா இப்படித்தானே குடுத்துண்டிருக்கேன். ஒரு நாளாவது அவ வேண்டாம்னு சொன்னாளா? எங்காத்துக்கு எப்பவும் சுத்தம்னுதான் போன்ல வரது. என் பிள்ளை பெங்களூர்லேர்ந்து கேட்டப்போகூடச் சொன்னேன், நம்மாத்துல எல்லாம் ஒழுங்காக்கும்னு."

மாமிக்குப் பொய் சொல்லத் தெரியாது. உண்மையாகவே தன் வீட்டுக் கவர்கள் சுத்தம் என்று நம்பிக்கொண்டிருந்தார். நீங்கள் மாதா மாதம் சுத்தம் என்று குறித்து அனுப்பி, அவரை அப்படி நம்பவைத்திருந்தீர்கள். "அவ போனதுலேர்ந்து மனசே சரியில்லை. தங்கமானவ" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்படியே சாக்கை வாங்கி உள்ளே வைத்தார். நான் மோர் குடிக்காமல் வந்துவிட்டேன். அந்தத் தெருவில் மட்டுமில்லை, போன இடமெல்லாம் இதே கதை. நம் வார்டில் ஒரு வீட்டுக்கும் தான் தப்பு செய்வது தெரியாது. நீங்கள் அவ்வளவு பேரையும் குற்றமில்லாதவர்களாக ஆக்கிவிட்டுப் போயிருந்தீர்கள்.

இரண்டு மாதத்தில் போனில் நம் வார்டு முழுக்கச் சுத்தமில்லை என்று சிவப்பாக வந்தது. கூட்டம் போட்டார்கள். என்ன ஆயிற்று, முன்மாதிரி வார்டாயிற்றே என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். பொன்னாடை போர்த்திய சார் எழுந்து, மறைந்த அந்தச் சகோதரி அன்பாகப் பேசுவார், ஜனங்களும் சந்தோஷமாகக் கழுவித் தந்தார்கள், இப்போது வருகிறவர் வாசலில் நின்று சண்டை போடுகிறார், ஜனங்களுக்கு மனசு விட்டுப்போயிற்று என்று சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எழுந்து ஒரு வாக்கியம் சொன்னால் போதும். உங்கள் ஜனங்கள் ஒரு கவர்கூடக் கழுவியதில்லை, கழுவியவள் அதில்தான் செத்தாள் என்று. வாய் வரை வந்தது. உங்கள் கைச்சூடு ஞாபகம் வந்தது. அதோடு, உங்கள் வேலையைச் சந்தியாவுக்குத் தருவதாக அதே கூட்டத்தில்தான் சொன்னார்கள், அம்மாவின் நல்ல பேருக்காக. நான் எழுந்திருக்கவில்லை. வாய் நீண்டவள் என்று பேர் எடுத்தவள், பேச வேண்டிய அன்று ஊமையாக உட்கார்ந்திருந்தேன்.

சந்தியா அப்போது கழக்கூட்டத்தில் பெண்கள் ஹாஸ்டல் ஒன்றில் வரவு செலவு எழுதுகிற வேலையில் இருந்தாள். ஏ.சி. ரூம், உட்கார்ந்த வேலை. இங்கே வராதே என்று நான் தலைபாடாய் அடித்துக்கொண்டேன். யோசிக்கிறேன் சித்தி என்றாள். ஐப்பசியில் துலா மாதத்து மழை அவளை யோசிக்க விடவில்லை. ஒரே மத்தியானம் கொட்டியது. கலுங்கு அடைத்துக்கொண்டது. தோட்டுத் தண்ணீர் உங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு ஏறியது. மெத்தை, அரிசி, அவளுடைய சர்ட்டிபிகேட்டுகள், மாலை போட்டிருந்த உங்கள் போட்டோ எல்லாம் அந்தத் தண்ணீரில் மிதந்தன. மறுநாள் அடைப்பை எடுக்கும்போது நானும் நின்றேன். கயிறு கட்டி இழுத்துக் கரையில் போட்ட சாக்குகளில் பாதி எனக்குத் தெரிந்தவை. எந்த வீட்டில் எந்தக் கிழமை நான் திருப்பிக் கொடுத்தேன் என்றுகூடச் சொல்ல முடியும். மாமி வீட்டுச் சாக்கும் இருந்தது. அவரே வந்து போட்டிருக்க மாட்டார், யாரிடமாவது கொடுத்துப் போடச் சொல்லியிருப்பார். நான் நியாயம் என்று நினைத்துச் செய்தது உங்கள் வீட்டு நடையேறி உள்ளே வந்து, உங்கள் மகளுடைய அரிசியில் நின்றது.

வீட்டைக் கழுவி முடித்த வாரம் சந்தியா பச்சைக் கோட்டு வாங்கிக்கொண்டாள். அதுவரை ஆள் போடாமல் கிடந்த உங்கள் இடத்தில், என்னோடுதான் அவளைப் போட்டார்கள். முதல் நாளே, "சித்தி, நீங்க கேட்டுக்கு வெளியே நில்லுங்க. நான் வாங்கிக்கிடுதேன்" என்றாள். உள்ளே போய்ச் சிரித்த முகமாகச் சாக்கை வாங்கிவந்தாள். ஒரு வீட்டிலும் எதுவும் சொல்லவில்லை. அம்மா மாதிரியே என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஷெட்டுக்கு வந்ததும் சாக்குகளை இழுத்துக்கொண்டு நேரே குழாயடிக்குப் போனாள். கேட்காமலே வாளியை வைத்தாள், கத்தரியை எடுத்தாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஆஸ்பத்திரியில் உங்களுக்குக் கொடுத்த வாக்கை அங்கேயே உடைத்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் சொன்னேன். உன் அம்மாவுக்காக ஊரில் ஒருத்தரும் கழுவித் தரவில்லை, எல்லா வீட்டு அழுக்கையும் இதே இடத்தில் உட்கார்ந்து அவள்தான் கழுவினாள், அதில்தான் போனாள், அந்த விருது, பேர் எல்லாம் பொய் என்று சொன்னேன். நீ அழுவாய் என்று உன்னிடம் சொல்லவேண்டாம் என்றாள் என்றும் சொன்னேன்.

அவள் அழவில்லை. கையில் இருந்த கவரை வெட்டி முடித்தாள்.

"எனக்குத் தெரியும் சித்தி," என்றாள். "அம்மா கையால சோறு தின்னவதானே நான். எவ்வளவு சோப்பு போட்டாலும் அந்த வாடை போகாது. எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா வந்து உக்காந்திருக்க?"

"பின்ன என்ன செய்ய? திருப்பிக் கொடுத்தா சுத்தி வந்து நம்ம வீட்டுக்குள்ளதான் ஏறுது. அன்னைக்குப் பாத்தீங்கல்லா. அதை இங்க வச்சே கழுவிட்டாப் போச்சு."

"ஆபீஸ்ல சொல்லுவோம். உள்ளதை உள்ளபடி சொல்லுவோம்."

"சொன்னா நம்ம ரெண்டு பேரையும் மாத்துவாங்க. வேற ரெண்டு பேரு வருவாங்க. அவங்க திருப்பிக் கொடுப்பாங்க." கவரைத் தண்ணீரில் முக்கினாள். "போதும் சித்தி. சாக்கைத் தள்ளுங்க."

நீங்களாவது இவர்கள் ஒரு நாள் திருந்துவார்கள் என்று நம்பிக் கழுவினீர்கள். இந்தப் பெண் ஒன்றையும் நம்பாமல் கழுவுகிறாள். எது மோசம் என்று எனக்குத் தெரியவில்லை. நான் புடவையைச் செருகிக்கொண்டு வாளிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தேன். அருவருப்பு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அன்று சாயங்காலம் சோறு இறங்கவில்லை. மாமி வீட்டுக்கு நேராக போனில் சுத்தம் என்று நானேதான் குறித்தேன். வார்டு இப்போது மறுபடி பச்சையாகிவிட்டது. மறுபடி விழா எடுப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.

மாத்திரையை அவளை என் கண் முன்னால் விழுங்கவைக்கிறேன். வயிறு எரிகிறது என்றால் எரியட்டும் என்கிறேன். காலையில் வேலை தொடங்கும் முன் அவளுடைய இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி, விரல் விரலாகத் திருப்பிப் பார்க்கிறேன். அவளும் என் கைகளைப் பார்க்கிறாள். உங்களிடமிருந்து எனக்கு மிச்சம் இருப்பது இந்தக் கைகளைப் பார்க்கிற பயம்தான். அவள் கையில் கீறல் இருந்தால் அன்றைக்கு நான் கழுவுகிறேன். என் கையில் இருந்தால் அவள் கழுவுகிறாள். இரண்டு பேர் கையிலும் ஒரே நாளில் கீறல் இருந்தால் என்ன செய்வது என்று நாங்கள் இன்னும் பேசிக்கொள்ளவில்லை.